ஒன்பதரைக்குள்

ஒன்பதரைக்குள் செயலியில் ஏற்றிவிட வேண்டும்.
வந்தார். வரவில்லை.
இரண்டே பொத்தான்.
வந்துகொண்டிருக்கிறாள் என்பதற்கு
அதில் இடமில்லை.

சிக்னல் கிடைப்பது
சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால், வாய்க்கால் மேட்டில்.
அங்கிருந்து பார்த்தால்
கொள்முதல் நிலையம் வரைக்கும் சாலை தெரியும்.
பாதிச் சாலையில் நெல்.
மீதிப் பாதியில் ஒரு புள்ளி:
பிரதிக்‌ஷா, நாலாம் வகுப்பு, வரிசை எண் ஏழு.
புள்ளியை நம்பி ‘வந்தார்’ என்று அழுத்துவேன்.
ஒன்பது நாற்பதுக்கு வந்து சேர்ந்ததும்
வாசலில் நிறுத்திவிடுவேன்.

தை மாதம் முழுக்க இப்படி.
தோப்புக்கரணம் கிடையாது, பிரம்பு கிடையாது,
அதெல்லாம் செய்கிறவள் இல்லை நான்.
பத்து நிமிடம் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.
தாமதமாக வந்தவளை
இன்னும் பத்து நிமிடம் தாமதமாக்குவது
என்ன கணக்கு என்று
எனக்கே அப்போது உறைக்கவில்லை.
காலை உப்புமா அண்டா கழுவிக் கவிழ்த்திருக்கும்.
அவள் நின்றபடி,
உள்ளே ஓடும் ஏழாம் வாய்ப்பாட்டை
உதட்டால் மட்டும் சொல்வாள்.
சீருடை ஓரத்தில் நெல் சுணை.
ஒரு பக்கம்தான் சடை, மறுபக்கம் வெறும் ரிப்பன்.

மாசி பிறந்து ஐந்தாம் நாள்
நீடாமங்கலத்தில் கேட் போட்டுவிட்டான்.
கூட்ஸ் வண்டி.
இன்ஜினைக் கழற்றி, அந்தப் பக்கம் கொண்டுபோய்,
ஆற அமர மாட்டினார்கள்.
எனக்கு முன்னால் ஒரு கல்யாண வேன்,
மாப்பிள்ளை இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார்.
வேகன் வேகனாக நெல்.
எந்தச் சாலையில் எத்தனை நாள் கிடந்ததோ.
ஒன்பது பதினாறு.
ஒன்பது இருபத்தொன்பது.
வட்டார வாட்ஸப் குழுவில் இந்நேரம்
என் பள்ளியின் பெயர் சிவப்பில் வந்திருக்கும்.

போய்ச் சேர்ந்தபோது ஒன்பது ஐம்பத்திரண்டு.
அமலோற்பவம் டீச்சர் அன்று பயிற்சிக்குப் போயிருந்தார்.
கூரை பறக்கும் என்று நினைத்து வந்தேன்.
சத்தமே இல்லை.
கரும்பலகையில் தேதி, ஒரு குறள்,
பதிவு 31, வருகை 27.
எழுதியவள் கையில் சாக்பீஸ்.
இரண்டு சடை.

வாசலில் நின்றேன்.
என்னை யாரும் நிறுத்தவில்லை.
பிரதிக்‌ஷா திரும்பிப் பார்த்தாள்.
“கேட்டா டீச்சர்?”

கேட்டுதான்.
அந்த ஒரு சொல்லை
ஒரு மாதமாக நான் அவளிடம் கேட்டதில்லை.

மதியம் முட்டை உரிக்கும்போது கேட்டேன்.
அப்பா பதினெட்டு ராத்திரி
நெல் குவியலோடு பனியில் படுத்துக் கிடந்தார்.
ஈரப்பதம் கூடுதல், சாக்கு வரலை, நாளைக்கு, நாளைக்கு.
அம்மாவுக்கு ஆறு மணி மினி பஸ்,
மன்னார்குடி மண்டபத்தில் பாத்திரம் தேய்க்க.
தம்பிக்கு இரண்டரை வயது.
பால்வாடி ஆயா வருவது ஒன்பது இருபதுக்கு.
“அவனத் தனியா விட்டுட்டு எப்படி டீச்சர்?
கதவத் தொறந்ததும் ஓடியாந்துருவேன்.”

இன்றைக்கு மட்டும் எப்படி?
“நேத்து ராத்திரி எடை போட்டுட்டாங்க.
தம்பி அப்பாட்ட இருக்கான்.
சடை கூட அப்பாதான்.”
பார்த்தேன். வகிடு கோணல்.

மாலையில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள்.
ரயில்வே கேட் என்று எழுதினேன்.
மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

பங்குனியில் அப்பா உளுந்து மூட்டை ஏற்றப் போனார்.
மறுபடி சாலையில் அந்தப் புள்ளி.
தம்பியையும் கூட்டிக்கொண்டு வா என்றேன்.
இப்போது எட்டே முக்காலுக்கு இரண்டு பேர்,
இரண்டு தட்டு உப்புமா.
பார்வைக்கு வந்த அதிகாரி
“இது யாரு?” என்றார்.
கடைசி வரிசையில் அவன் சாக்பீஸ் தின்றுகொண்டிருந்தான்.

பதிவேட்டில் அவன் இல்லை.
செயலியில் அவனுக்கு எந்தப் பொத்தானும் இல்லை.
பள்ளிக்கூடத்துக்கு முதலில் வருகிறவன்
அவன்தான்.